இருபத்திரண்டு சட்டி மணல்

யூனிட் என்றால் எனக்கு மின்சாரம்.
முதுநகரில் வாசல் வாசலாய் எட்டிப் பார்த்து
எண் குறிப்பவள் நான்.
மணலுக்கும் யூனிட்தான் என்று
மெகருன்னிசா சொல்லித்தான் தெரியும்.

"அரை யூனிட் கிடக்குது. ஆத்து மணல்,
எம்-சாண்ட் இல்ல.
அளந்து எடு, அளந்து வை."

மதில் மூன்று அங்குலம் தள்ளி வந்ததென்று
ஒன்றரை வருடம் பேசாதவர்கள் நாங்கள்.
மஸ்கட்டிலிருந்து பணம் நின்ற மாதம்
அவள் வீடு லிண்டல் மட்டத்தில் நின்றது.
சன்னல்களுக்கு மேலே நேராக வானம்.
பின்னால் தகரக் கொட்டகையில் அவள்.

கொத்தனார் தணிகாசலம் வந்தார், பார்த்தார்,
டீ குடித்தார்.
"கம்பி இல்லாம, சென்ட்ரிங் இல்லாம
உருண்டையா ஒரு கூரையா?
ரொட்டி கடையில விக்குதேம்மா."

விக்குது.
ஆனால் வடலூர் பழைய இரும்புக் கடையில்
நெய்வேலிக் கொதிகலனைப் பிரித்த தீக்கற்கள்
கல் பதினெட்டு ரூபாய்க்கு விற்றன.
நூற்றுப்பத்து வாங்கியாயிற்று.
வாங்கிய பிறகு காரணம் கேட்கக்கூடாது.

கிரைண்டரில் ஒவ்வொன்றையும் இரண்டாக அறுத்தேன்.
சந்தன நிறத் தூசு, இட்லித் துணியில்கூட.
என் மீட்டர் ஓடியதை நானே குறித்துக்கொண்டேன்.

பிறகு மணல்.
மதிலுக்கு மேலே அவள் நீட்ட, நான் வாங்க,
சட்டிக்கு ஒரு கரிக்கோடு அவள் சுவரில்.
இருபத்திரண்டு.
ஈரம் தெளித்துத் தட்டிக் குவித்தேன்
கல்யாண அண்டாவைக் கவிழ்த்த மாதிரி.
அதன்மேல் நனைத்த செய்தித்தாள்.
அதன்மேல், விருத்தாசலத்துக் களிமண் குழைத்து,
கல்.

முதல் வரி நின்றது. இரண்டாவதும்.
நான்காம் வரியிலிருந்து ஒவ்வொரு கல்லும்
விழுவதற்கென்றே சாய்ந்தது.
பக்கத்துக் கல்லுக்கும் அதே எண்ணம்.

உச்சியில் மிஞ்சியது
எதுவும் பொருந்தாத ஒரு ஐங்கோணம்.
மூன்று கல் வீணாக்கி நான்காவதைச் செதுக்கி
மரச்சுத்தியால் தட்டினேன்.
டொக். டொக்.
மூன்றாம் தட்டுக்கு வேறு ஒலி,
எங்கோ ஒரு கதவு சாத்திக்கொண்டது போல.

ஐந்து நாள் ஈரச் சாக்கு.
ஞாயிறு காலை வாய் வழியே மணலைத் தோண்டினேன்,
கரண்டியால், களைக்கொட்டால்,
பிறகு தோள்வரை கையை விட்டு.
மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள் மெகருன்னிசா.
"கையை எடு, கையை எடு."
ஒவ்வொரு சட்டிக்கும்.

விழவில்லை.

தாளை உரித்துத் தலையை நுழைத்து டார்ச் அடித்தேன்.
களிமண்ணில் மை இறங்கி
இடவலம் மாறிய தமிழ்.
அவளுடைய கைக்கண்ணாடியில் படித்தோம்:
கடலூர் துறைமுகத்தில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு.
கீழே பாதி மணமகள் தேவை.
சிரித்துக்கொண்டே இருந்தவள்
"தீக்குக் கூரை போட்டுட்ட நீ" என்றாள்.
அதை நான் எதிலும் குறிக்கவில்லை.

ஏழு நாள் சின்னத் தீ.
சிராய், தேங்காய் மட்டை, கடைசியில் முந்திரி விறகு.
புயல் கூண்டும் மணமகளும் கரியானார்கள்.
எட்டாம் நாள் அந்தக் கரியும் எரிந்து
உள்வானம் வெளுத்தது.
வாய்க்கு மேலே மயிரிழையாக ஒரு வெடிப்பு,
நான்கு அங்குலம்.
பழக்க தோஷம், பக்கத்தில் தேதி எழுதினேன்.

முதல் ரொட்டி அடியில் கரி, நடுவில் மாவு.
தணிகாசலம் அதையும் டீயில் தோய்த்துத் தின்றார்,
ஒன்றும் சொல்லாமல்.

மணல் திரும்பியது இருபத்தொன்று.
ஒரு சட்டி போன வழி தெரியவில்லை.
களிமண்ணில், செருப்பில், என் தலைமுடியில்.
அவள் சுவரில் ஒரு கரிக்கோடு மட்டும் அடிபடவில்லை.
"இருக்கட்டும். கான்கிரீட் போடற அன்னிக்குக் கேப்பேன்."

சாயங்காலம் கடற்காற்று திரும்பி
என் புகை முழுவதும்
அவளுடைய கூரையில்லாத அறைக்குள் போய்
சற்று நின்று, மேலே போனது.
சண்டைக்குத் தயாராக நான் மதிலோரம் வந்தேன்.
மதிலுக்கு மேலே ஒரு தட்டு.
மிளகாய் தடவிய சங்கரா, நான்கு.

"அடி கருகாம பாத்துக்க."